ஐரோப்பாவுக்கு விசா: பார்த்துவரச் செல்வோருக்கும் தங்கச் செல்வோருக்கும்

உங்கள் கேள்வியில் இரண்டு விருப்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் வசிக்கும் அக்கா வீட்டில் சில நாட்கள் தங்கி, அப்படியே பாரிஸையும் சுவிட்சர்லாந்தையும் பார்த்துவர வேண்டும் என்பது ஒன்று. பொருத்தமான வேலை கிடைத்தால் பின்னாளில் அங்கேயே வாழ வேண்டும் என்பது மற்றொன்று. எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது, என்னென்ன ஆவணங்கள் தேவை, ஏன் இத்தனை பேருக்கு மறுப்பு வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு விருப்பங்களும் நியாயமானவையே. ஆனால் அவற்றுக்கு உரிய சட்டங்கள் வெவ்வேறு, படிவங்கள் வெவ்வேறு, அதிகாரி எழுப்பும் கேள்விகளும் வெவ்வேறு. இந்தப் பிரிவைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகும்.

உறவினரைப் பார்க்கவும், ஊர் சுற்றவும், தொழில் சந்திப்புகளுக்காகவும் 90 நாட்கள் வரை தங்க அனுமதிப்பது ‘சி’ வகை விசா. அதற்கான விதிகள், தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவானவை. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பே அதன் அடிப்படை. படிப்பு, வேலை, குடும்பத்துடன் இணைதல் போன்ற காரணங்களுக்காக 90 நாட்களுக்கு மேல் தங்குவதற்கு ‘டி’ வகை விசா வேண்டும். அது பெரும்பாலும் அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டப்படி வழங்கப்படுவதால் ஜெர்மனியின் விதி பிரான்சுக்குப் பொருந்தாது. சி விசாவை ஆராயும் அதிகாரி, நீங்கள் காலக்கெடுவுக்குள் திரும்பிவிடுவீர்களா என்று பார்க்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். அங்கே போய் வேலை தேடுவேன் என்று அந்த விண்ணப்பத்தில் எழுதினால் அதை அவர் மறுக்காமல் இருப்பதுதான் கடினம். இதை நான் சொல்வது, உண்மையை மறைத்து எழுதுங்கள் என்பதற்காக அல்ல. இந்தப் பயணத்திலேயே தங்கிவிடுவதுதான் எண்ணம் என்றால் சி விசாவுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். இந்த முறை பார்த்துவிட்டுத் திரும்புவதும், பிறகு முறைப்படி வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பதும்தான் எண்ணம் என்றால், அதில் எந்த முரண்பாடும் இல்லை. இப்போதைய விண்ணப்பத்தில் இப்போதைய பயணத்தை மட்டும் எழுதுவது முழு நேர்மையே.

ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விசா என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தொடங்கி, 1995இல் நடைமுறைக்கு வந்த எல்லைச் சோதனையற்ற பகுதியில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. குரோஷியா 2023 ஜனவரியில் இணைந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச்சில் விமான, கடல் வழிகளுக்கும் 2025 ஜனவரியில் தரைவழிக்கும் இணைந்தன. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஷெங்கனில் இருக்கின்றன. ஆகவே உங்கள் சுவிட்சர்லாந்துப் பயணத்துக்குத் தனி விசா தேவையில்லை. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ஜெர்மனியில் இருந்து இரண்டு நாள் லண்டன் போய்வரலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு பிரிட்டனின் விசாவைத் தனியாகப் பெற வேண்டும் என்பதையும், மீண்டும் ஜெர்மனிக்குள் நுழைய ஷெங்கன் விசாவில் இரண்டாவது நுழைவுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரே நுழைவுக்கான விசாவோடு லண்டன் போனவர், விசாவில் நாட்கள் மீதமிருந்தாலும் மீண்டும் உள்ளே வர முடியாது.

அடுத்து, எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்ற கேள்வி. பயணத்தின் முதன்மை இடம் எதுவோ அந்த நாடு என்பதே விதி. பயணத்தின் நோக்கத்தாலோ தங்கும் நாட்களாலோ முதன்மை தீர்மானிக்கப்படும். இரண்டு நாடுகளும் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் எந்த நாட்டு எல்லையைக் கடக்கிறீர்கள் என்பது கணக்கில் வரும். விமானம் எங்கே இறங்குகிறதோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பரவலாக நிலவும் நம்பிக்கை தவறானது. ஓர் உதாரணமாக, மே 10 முதல் 29 வரை பயணம் என்றும், அக்கா வீட்டில் 12 இரவுகள், பாரிஸில் 4, சுவிட்சர்லாந்தில் 3 என்றும் வைத்துக்கொள்வோம். பாரிஸில் இறங்கினாலும் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது ஜெர்மனிக்குத்தான். வேறொரு நாட்டில் சந்திப்பு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது, அங்கே விசா எளிதாகக் கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, போகவே போகாத நாட்டுக்கு ஐந்து இரவு விடுதி முன்பதிவு செய்து விண்ணப்பிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்லை அதிகாரி உங்கள் உண்மையான பயணத் திட்டத்தைக் கேட்கும்போது விசா கொடுத்த நாடு அதில் இல்லாமல் போனால், விசா பெற்ற விதத்தின் மீதே சந்தேகம் எழும். பொய்த் தகவலால் பெறப்பட்டதாகக் கண்டறியப்படும் விசாவை ரத்து செய்ய விதித்தொகுப்பு இடம் கொடுக்கிறது.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். மே 10 புறப்பாடு என்றால் முந்தைய நவம்பர் 10 முதல் ஏப்ரல் 25 வரை என்று கணக்கு. முடிவெடுக்க 15 நாட்கள் என்பது பொதுக்கெடு. கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் அது 45 நாட்கள் வரை நீளலாம். ஆனால் இந்தக் கெடு, ஏற்கத்தக்க விண்ணப்பம் கையளிக்கப்பட்ட பிறகே தொடங்குகிறது. அதற்கு முன் சந்திப்பு நேரம் கிடைக்கக் காத்திருக்கும் வாரங்கள் இதில் சேரா. கோடைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் அந்தக் காத்திருப்பே பெரிய தடையாக இருக்கும் என்பதால், மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே நேரம் பதிவு செய்துவிடுவது நல்லது. கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. ஆறு வயது நிரம்பி 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

அடிப்படை ஆவணங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டு நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்களாவது வெறுமையாக இருக்க வேண்டும். மே 29 அன்று திரும்புவதானால் ஆகஸ்ட் 29 வரை பாஸ்போர்ட் உயிரோடு இருந்தாக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ வரை செலவை ஏற்பதாகவும், ஷெங்கன் பகுதி முழுவதும் செல்வதாகவும், அவசர சிகிச்சையையும் உடல்நலக் காரணத்தால் அல்லது இறப்பால் தாயகம் கொண்டுவரும் செலவையும் உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும். காப்பீட்டுத் தேதிகளைப் பயணத் தேதிகளோடு ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மே 28 அன்று முடியும் காப்பீட்டோடு மே 29 வரை பயணம் என்று எழுதிய விண்ணப்பம், எவ்வளவு நல்ல ஆவணங்கள் இருந்தாலும், தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. விமானப் பயணத்துக்கு முன்பதிவு போதும். விசா கையில் வருவதற்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் வாங்கும் கட்டாயம் இல்லை. இல்லாத முன்பதிவை அச்சிட்டுத் தரும் முகவர்களிடம் மட்டும் போகாதீர்கள். முன்பதிவு எண்ணைச் சரிபார்ப்பது சில நிமிட வேலை. போலி என்று தெரிந்தால் மற்ற உண்மையான ஆவணங்களும் நம்பிக்கையை இழக்கும்.

இனி, விண்ணப்பத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் பகுதிக்கு வருகிறேன். உங்கள் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. அவர் முன் இருப்பவை சில தாள்கள். அவற்றுக்காக அவரிடம் இருக்கும் நேரமும் குறைவு. எதற்காகப் போகிறீர்கள், அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள், ஏன் திரும்பி வருவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தத் தாள்கள் ஒன்றையொன்று ஆதரித்து ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மறுக்கப்படும் பல விண்ணப்பங்களில் ஆவணங்கள் குறைவாக இருப்பதில்லை. அவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கின்றன. அலுவலக விடுப்புக் கடிதம் 15 நாள் என்கிறது, பயணத் திட்டம் 20 நாள் என்கிறது. அக்காவின் அழைப்புக் கடிதம் முழுச் செலவும் தன்னுடையது என்கிறது, படிவத்தில் செலவு விண்ணப்பதாரருடையது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய சிறு முரண்களை நாம் பொருட்படுத்துவதில்லை. நம்மை அறியாத ஒருவர் அவற்றை அப்படி விட்டுவிட முடியாது.

நோக்கத்தைக் காட்ட அக்காவின் அழைப்புக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி ஆகியவற்றின் நகல், நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவை போதும். பாரிஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் விடுதி முன்பதிவுகளும், நாள்வாரியாக எழுதிய எளிய பயணத் திட்டமும் இணைத்துவிடுங்கள். இவற்றோடு ஒரு பக்கத்துக்கு மிகாத விளக்கக் கடிதம் ஒன்றை நீங்களே எழுத வேண்டும் என்று வலியுறுத்துவேன். யார், எங்கே வேலை செய்கிறீர்கள், எந்த நாட்களில் எங்கே தங்குகிறீர்கள், செலவு யாருடையது, திரும்பி வந்து எந்தத் தேதியில் வேலையில் சேருகிறீர்கள் என்பதை நேரடியாக எழுதுங்கள். கோப்பில் விளக்கம் தேவைப்படும் எதுவும் இருந்தால், அதைச் சொல்ல வேண்டிய இடமும் இந்தக் கடிதம்தான்.

செலவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாடும் ஒரு நாளுக்கு இவ்வளவு வேண்டும் என்று ஓர் அளவை வைத்திருக்கிறது. விடுதி முன்பதிவு உள்ளவரிடம் பிரான்ஸ் நாளுக்கு 65 யூரோவும், முன்பதிவு இல்லாதவரிடம் 120 யூரோவும் எதிர்பார்க்கிறது. ஜெர்மனியில் வழக்கமாக 45 யூரோவை அடிப்படையாகக் கொள்கிறார்கள். இந்தத் தொகை கணக்கில் இருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். அதிகாரி பார்ப்பது கடைசி இருப்பை மட்டும் அல்ல. மாதாமாதம் சம்பளம் வருகிறதா, வழக்கமான செலவுகள் நடக்கின்றனவா, இந்தப் பயணச் செலவு அந்த வருமானத்துக்குப் பொருத்தமானதா என்பதையும் பார்க்கிறார். விண்ணப்பத்துக்கு ஒரு வாரத்துக்கு முன் திடீரென்று வந்து சேர்ந்த பெருந்தொகை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். அது உண்மையிலேயே நிலம் விற்ற பணமாகவோ முதிர்ந்த வைப்புத்தொகையாகவோ இருந்தால் அதற்கான ஆதாரத்தை இணைத்து, விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நண்பரிடம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

உங்கள் அக்காவே செலவை ஏற்பதானால், வெறும் கடிதத்தைவிட வலுவான ஒரு வழி ஜெர்மனியில் இருக்கிறது. அவர் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சென்று, தன் வருமான ஆதாரங்களைக் காட்டி, பொறுப்பேற்பு உறுதிமொழி ஒன்றில் கையெழுத்திடலாம். அதன் அசல் உங்கள் விண்ணப்பத்தோடு வர வேண்டும் என்பதால் தபாலுக்கு ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். இது சடங்குக்காகப் போடும் கையெழுத்து அல்ல என்பதை உங்கள் அக்காவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அங்கே இருக்கும்போது அரசு உங்களுக்காகச் செலவிட நேரும் தொகையை, மருத்துவச் செலவும் திருப்பி அனுப்பும் செலவும் உட்பட, அவரிடம் இருந்து வசூலிக்க அது சட்டப்படி இடமளிக்கிறது. பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவோருக்கு இதையொத்த ஆவணத்தை, அந்த உறவினர் வசிக்கும் ஊரின் நகராட்சி வழங்குகிறது.

மூன்றாவது கேள்வியான திரும்பி வருதலே எல்லாவற்றிலும் கடினமானது. ஏனெனில் நடக்கப்போகும் ஒன்றுக்கு இன்றே ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 டிசம்பர் 19 அன்று, ஜெர்மனி மறுத்த ஒரு விண்ணப்பம் தொடர்பான வழக்கில், முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. விசா விதித்தொகுப்பில் சொல்லப்பட்ட காரணங்களைத் தவிர வேறு காரணம் காட்டி விசாவை மறுக்க முடியாது என்றும், விண்ணப்பதாரர் திரும்புவார் என்று அதிகாரி ஐயத்துக்கு இடமின்றி உறுதி கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்றும், திரும்பமாட்டார் என்று கருத நியாயமான சந்தேகம் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்றும் அது கூறியது. அந்தச் சந்தேகத்தை எடைபோடும்போது, அவர் வாழும் நாட்டின் பொது நிலையோடு, அவருடைய குடும்ப, சமூக, பொருளாதாரச் சூழல், முன்பு விசா விதிகளை மதித்து நடந்தாரா என்பது, வாழும் நாட்டிலும் ஷெங்கன் நாடுகளிலும் அவருக்கு உள்ள பிணைப்புகள் ஆகியவற்றைத் தனிப்பட்ட முறையில் பார்க்க வேண்டும். அதேசமயம் இவற்றை மதிப்பிடுவதில் அதிகாரிகளுக்குப் பரந்த சுதந்திரம் உண்டு என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இதில் இருந்து நமக்குக் கிடைக்கும் வழிகாட்டுதல் தெளிவானது. நிரந்தர வேலையில் இருப்பதற்கான சான்று, தேதிகள் குறித்த விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு, உடன் வராத கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளின் விவரம், பராமரிக்கும் பெற்றோர், சொந்தத் தொழிலின் பதிவு, முன்பு வெளிநாடு சென்று காலத்துக்குள் திரும்பிய முத்திரைகள் ஆகியவையே உங்கள் சாட்சிகள். இளம் வயது, திருமணமாகாதவர், புதிதாக வேலையில் சேர்ந்தவர் என்றால் இந்தப் பகுதி இயல்பாகவே மெலிந்திருக்கும். அப்படிப்பட்டவர் முதல் பயணத்துக்கு நீண்ட நாட்களைக் கேட்காமல், விடுப்புக்கு உள்ளடங்கிய குறுகிய பயணமாகத் திட்டமிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்ப மையங்களைப் பற்றி ஒரு தெளிவு அவசியம். தூதரகங்கள் ஆவணங்களைப் பெறும் வேலையைப் பல இடங்களில் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. அவை ஆவணங்களை வாங்கும், கைரேகையும் புகைப்படமும் எடுக்கும், சேவைக் கட்டணம் வசூலிக்கும். விசா கொடுப்பதா மறுப்பதா என்பதில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆகவே மையத்தில் விற்கப்படும் கூடுதல் வசதிகள் எதுவும் முடிவை மாற்றாது. அங்குள்ள ஊழியர் ஓர் ஆவணம் தேவையில்லை என்று சொன்னாலும், அது உங்கள் வாதத்துக்குத் துணை நிற்கும் என்று நீங்கள் கருதினால் கோப்பில் சேர்க்கும்படி பணிவோடு வற்புறுத்துங்கள். கைரேகைகள் விசா தகவல் அமைப்பில் சேமிக்கப்பட்டு 59 மாதங்கள் வரை மீண்டும் பயன்படுத்தப்படலாம். 12 வயதுக்குட்பட்டோருக்குக் கைரேகை கிடையாது.

விசா கிடைத்ததும் அந்த ஸ்டிக்கரைப் பொறுமையாகப் படியுங்கள். அதில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் இருக்கும். எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதிக்குள் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. நம் உதாரணத்தில் மே 10 முதல் ஜூன் 13 வரை என்று அச்சிடப்பட்டு, தங்கும் காலம் 20 நாள் என்று இருக்கக்கூடும். பயணம் சற்றுத் தள்ளிப்போனால் உதவட்டும் என்று கொடுக்கப்படும் 15 நாள் அவகாசம் அது. ஜூன் 13 வரை தங்கலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படும். பலமுறை நுழையும் விசா உள்ளவர்களுக்கு, எந்த நாளில் நின்று பின்னோக்கி 180 நாட்களைப் பார்த்தாலும் அவற்றில் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருந்திருக்கக் கூடாது என்பதே கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. முன்பு பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து அதிகாரிகள் எண்ணினார்கள்; 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அறிமுகமான நுழைவு வெளியேற்றப் பதிவு முறை, ஒவ்வொருவரின் வரவையும் போக்கையும் மின்னணு முறையில் பதிந்து நாட்களைத் தானே கணக்கிடுகிறது. ஒரு நாள் கூடுதலானாலும் பதிவில் நிற்கும். விசா இருந்தாலும் எல்லையில் நுழைவு தானாக உறுதியாகிவிடுவதில்லை என்பதால், அழைப்புக் கடிதம், காப்பீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையில் வைத்திருங்கள்.

விதிப்படி பயன்படுத்திய ஒவ்வொரு விசாவும் அடுத்ததற்குத் துணை நிற்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு ஓராண்டுக்கும், அதைப் பயன்படுத்தியவருக்கு அடுத்து இரண்டாண்டுக்கும், பிறகு ஐந்தாண்டுக்கும் பலமுறை நுழையும் விசா வழங்கலாம் என்பது பொது விதி. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2024 ஏப்ரலில் இது எளிதாக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் இரண்டு விசாக்களைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் நேராக இரண்டாண்டு விசாவுக்குத் தகுதி பெறலாம்.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மறுப்பு எப்போதும் எழுத்தில், ஒரு பொதுவான படிவத்தில், காரணங்கள் குறிக்கப்பட்டு வரும். அதைக் கோபத்தோடு மடித்து வைத்துவிடாமல், குறிக்கப்பட்ட வரி எது என்று பாருங்கள். பயண நோக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்பதும், செலவுக்கான வழி போதவில்லை என்பதும், திரும்பும் எண்ணத்தில் நியாயமான சந்தேகம் உள்ளது என்பதும் மூன்று வேறு குறைகள். ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்கு உதவாது. மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. முடிவெடுத்த நாட்டின் சட்டப்படி அதைச் செய்ய வேண்டும். பிரான்சில் 30 நாட்களுக்குள் நான்ட் நகரில் உள்ள அலுவலகத்துக்கு முறையிட வேண்டும். ஜெர்மனியில் தூதரகத்திடமே மறுபரிசீலனை கோரும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வதும், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதும்தான் வழிகள். சாதாரண உறவினர் சந்திப்புப் பயணத்துக்குப் புதிய விண்ணப்பமே பொருத்தமானது என்பேன். வழக்கு முடியும்வரை காத்திருப்பது பயணத்தின் நோக்கத்தையே கடந்துவிடும். முந்தைய மறுப்பு புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் காரணமாகாது என்று விதித்தொகுப்பே சொல்கிறது. ஆனால் அது தகவல் அமைப்பில் ஐந்தாண்டு இருக்கும். எனவே மறைக்க முயலாமல், முன்பு என்ன குறை சொல்லப்பட்டது, இப்போது எதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதை விளக்கக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். அதே ஆவணங்களை அடுத்த வாரமே மீண்டும் கொடுப்பதால் கட்டணம்தான் வீணாகும்.

இனி அங்கே வாழ்வதற்கான வழி. ஜெர்மனியில் வேலைக்காகச் செல்வோர் முதலில் செய்ய வேண்டியது தங்கள் படிப்பு அங்கே எப்படி மதிக்கப்படுகிறது என்று பார்ப்பது. ‘அனபின்’ என்ற அரசுத் தகவல் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டம் ஏற்கப்பட்டு, அதற்குப் பொருந்தும் வேலையும் கையில் இருந்தால் நீல அட்டை எனப்படும் ப்ளூ கார்டு சிறந்த வழி. 2025இல் அதற்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 48,300 யூரோவாகவும், ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளில் சுமார் 43,760 யூரோவாகவும் இருக்க வேண்டும் என்று இருந்தது. இந்த வரம்பு ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. ப்ளூ கார்டு பெற்றவரின் கணவன் அல்லது மனைவி ஜெர்மன் மொழித் தேர்வு எழுதாமலே உடன் வரலாம். குடும்ப இணைப்புக்கான மற்ற பல விண்ணப்பங்களில் அவர்களிடம் தொடக்க நிலையான ஏ1 சான்று கேட்கப்படும்.

வேலை கையில் இல்லாமல் தேடிச் செல்ல விரும்புவோருக்கு 2024 ஜூன் 1 முதல் ‘சான்சன்கார்டே’ என்ற வாய்ப்பு அட்டை வழங்கப்படுகிறது. உங்கள் இரண்டாவது விருப்பத்துக்குப் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். படித்த நாட்டின் அரசால் ஏற்கப்பட்ட பட்டமோ குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியோ இருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏ1 அல்லது ஆங்கிலத்தில் உயர் இடைநிலையான பி2 தேர்ச்சி வேண்டும். அதற்குமேல் வயது, அனுபவம், மொழித்திறன் போன்றவற்றுக்கு அளிக்கப்படும் புள்ளிகளில் குறைந்தது ஆறு பெற வேண்டும். ஜெர்மன் மொழியில் பி2 இருந்தால் மூன்று புள்ளிகள், 35 வயதுக்குள் இருந்தால் இரண்டு. ஜெர்மனியில் முன்பு தொடர்ந்து ஆறு மாதம் சட்டப்படி தங்கியிருந்தால் ஒரு புள்ளி உண்டு, ஆனால் சுற்றுலாவாகத் தங்கிய காலம் அதில் சேராது. அக்கா வீட்டுப் பயணம் இதற்கு உதவாது. அட்டை ஓராண்டு வரை செல்லும். அந்தக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதி நேர வேலை செய்யலாம். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

மற்ற நாடுகளில் நடைமுறை மாறும். நெதர்லாந்தில் பெரும்பாலும் வேலை தரும் நிறுவனமோ குடும்பத்தினரோ அங்கிருந்தே குடிவரவுத் துறையிடம் விண்ணப்பிக்கிறார்கள். இத்தாலியில் வேலை தருபவர் முதலில் அனுமதிச் சான்று பெற வேண்டும். போய்ச் சேர்ந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரான்சின் நீண்டகால விசா பலருக்குத் தங்கும் அனுமதியாகவும் செயல்படுகிறது, ஆனால் வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் அங்கே தங்குவதே சட்டத்துக்குப் புறம்பாகிவிடும். ஜெர்மனியிலோ, குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிந்துவிட்டு, டி விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் கேள்விக்குள் சொல்லாமல் இருக்கும் ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சி விசாவில் ஜெர்மனிக்குப் போயிருக்கும்போதே அங்குள்ள ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்தால், சில விதிவிலக்குகளைத் தவிர, அங்கிருந்தபடியே அதை வேலை விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது. நாட்களுக்குள் திரும்பி வந்து, வேலை ஒப்பந்தத்தோடு டி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிலையில், திறன்மிக்க பணியாளருக்கான விரைவு நடைமுறையைக் கேட்கும்படி நிறுவனத்திடம் சொல்லுங்கள். உங்கள் எழுத்துப்பூர்வ அதிகாரத்தின் பேரில் நிறுவனமே 411 யூரோ கட்டணம் செலுத்தி, அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதைத் தொடங்க வேண்டும். அந்த அலுவலகத்தின் முன் ஒப்புதல் கிடைத்த பிறகு தூதரகத்தில் சந்திப்பு நேரம் மூன்று வாரத்துக்குள்ளும், முழுமையான விண்ணப்பத்தின் மீதான முடிவு பெரும்பாலும் அடுத்த மூன்று வாரத்துக்குள்ளும் கிடைக்க வேண்டும் என்பது விதி.